செம்புழைச் சின்னான்

கொண்டைக்குருவிக் குடும்பத்தைச் சேர்ந்த பறவை. அறிவியல் பெயர் பிக்னோநோட்டஸ் கேஃபர். பாகிஸ்தான், இந்தியா, நேபாளம், வங்கதேசம், இலங்கை, மியான்மர் ஆகிய நாடுகளில் இயல்பாக வாழ்கிறது. நீளம் ஏறக்குறைய 20 செ.மீ. கரிய தலையில் சிறு கொண்டை, செதில் அடுக்கியது போன்ற பழுப்பு உடல், வெள்ளை வால்நுனி, வாலடியில் குங்குமச் சிவப்பு. ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றே. தமிழகத்தில் சின்னான் என்றும் கொண்டைக்குருவி என்றும் சொல்வர்.

1760இல் பிரெஞ்சு அறிஞர் பிரிசோன் இப்பறவையை வருணித்தபோது, தம்மிடமிருந்த மாதிரி நன்னம்பிக்கை முனையிலிருந்து வந்தது என்று கருதினார். அதை ஒட்டி 1766இல் லின்னேயஸ் தென்னாப்பிரிக்காவைக் குறிக்கும் கேஃபர் என்ற பெயரைச் சூட்டினார். அங்கே இந்தப் பறவை கிடையாது. மாதிரி இலங்கையிலிருந்து போயிருக்க வேண்டும் என்று பின்வந்தோர் திருத்தினர். பெயர் மட்டும் மாறவில்லை.

கூண்டுப் பறவையாகவும் சண்டைப் பறவையாகவும் இதை வளர்க்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டில் பரவலாக இருந்தது. கர்நாடகம் என்று அந்நாளில் அழைக்கப்பட்ட சோழமண்டலச் சமவெளியில் அது மிகுதி. நூலால் கட்டிய பறவையை விரலில் அமர்த்திப் பழக்குவர். மோதவிட்டால் எதிரியின் வாலடிச் சிவப்பு இறகைப் பற்றிப் பிடுங்கவே ஒவ்வொன்றும் முனையும். லக்னோவிலும் கல்கத்தாவிலும் செல்வந்தர் இதற்குப் பந்தயம் கட்டினர்.

கூடு கட்ட மனிதருக்கு அஞ்சுவதில்லை. வாசல் செம்பருத்தி, தொட்டிச்செடி, தாழ்வார விளக்கு என எதுவும் இடமாகலாம். மெல்லிய குச்சிகளைச் சிலந்தி நூலால் பிணைத்து, வேர்நாரை உள்ளே வளைத்துச் சிறு கிண்ணம் போல் அமைக்கும். இளஞ்சிவப்பு முட்டைகள் இரண்டோ மூன்றோ. மேலே செம்புள்ளிகள், அகன்ற முனையில் நெருக்கமாக.

பசிபிக் தீவுகளுக்குச் சென்ற கதைதான் அதிகம் பதிவாகியுள்ளது. ஃபிஜிக்கு 1903 வாக்கில் இந்திய ஒப்பந்தக் கூலிகள் கொண்டுசென்றனர் என்பது பொதுவாக ஏற்கப்படும் செய்தி. சென்னைத் துறைமுகத்திலிருந்து ஃபிஜிக்குத் தென்னிந்தியரை ஏற்றத் தொடங்கியதும் அந்த ஆண்டில்தான். ஆனால் ஃபிஜியில் பெருகியது வங்காளப் பகுதிக்குரிய கிளையினம். எனவே கல்கத்தாக் கப்பல்களில் சென்றிருக்கவே வாய்ப்பு அதிகம். கரும்புத் தோட்டத்துக்குக் கிளம்பியவர் எதற்காக ஒரு கூண்டையும் சுமந்தார், சண்டைக்கா துணைக்கா என்பதை எந்தப் பயணிப் பட்டியலும் சொல்வதில்லை. 1940களில் சமோவாவிலும் டோங்காவிலும், 1979இல் தஹிதியிலும், 1980களில் நியூ கலிடோனியாவிலும் இப்பறவை இருந்தது. ஆக்லாந்தில் 1950களின் தொடக்கத்தில் தென்பட்ட கூட்டத்தை நியூசிலாந்து அரசு 1955 வாக்கில் ஒழித்தது.

ஹவாயின் ஓஆஹு தீவில் 1966இல் முதலில் காணப்பட்டது. வளர்ப்பவரிடமிருந்து தப்பியோ விடுவிக்கப்பட்டோ பரவியிருக்கலாம். செம்மீசைச் சின்னான் என்னும் மற்றொரு சின்னான் வகை அங்கே அதற்கு ஓராண்டு முன்பே பதிவாகியிருந்தது. இரண்டும் பழம் தின்றன. ஆர்க்கிட் தோட்டங்களில் மொட்டைக் கொத்தின. ஓஆஹுவில் மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள், நம் ஊர் வேலியோர எருக்கை உண்டு வளர்கின்றன. அங்கே எருக்கம்பூவை மாலையாகக் கோக்கும் வழக்கம் உண்டு. எருக்கம்பால் உண்டு வளரும் பூச்சி நஞ்சுடையது; பெரும்பாலான பறவைகள் தொடுவதில்லை. சின்னான்கள் தின்றன. செம்மஞ்சள் பூச்சிகளுக்கிடையே அரிதாயிருந்த வெள்ளை வடிவம், இப்பறவைகள் பெருகிய இருபது ஆண்டுகளில் கூடுதலாகத் தென்படலாயிற்று. செம்மஞ்சளையே சின்னான்கள் தேடித் தின்றதால் வெள்ளை மிஞ்சியது என்று 1990இல் ஆய்வாளர்கள் ஜான் ஸ்டிம்சனும் மார்க் பெர்மனும் விளக்கினர். பின்னாளில் வெள்ளையின் விகிதம் மீண்டும் சரிந்ததால், காரணம் இதுதான் என்று அறுதியிட முடியவில்லை.

தஹிதியில் மைக்கோனியா என்னும் களைமரத்தின் விதையைப் பரப்புவதாகவும், அருகிவரும் தஹிதி மொனார்க் என்னும் உள்ளூர்ப் பறவையை விரட்டுவதாகவும் குற்றச்சாட்டு உண்டு. பின்னதில் எலிகளுக்கும் மைனாவுக்கும் எவ்வளவு பங்கு என்பது தனியே பிரித்தறியப்படவில்லை. 2000இல் உலகின் மிக மோசமான 100 அயல் இனங்களின் பட்டியலில் சின்னான் சேர்க்கப்பட்டது.

உயிர்ச்சத்து 'சி'யைத் தன் உடலில் ஆக்கிக்கொள்ள இயலாத பறவை இது என்று 1958இல் ஆய்வாளர்கள் ராயும் குஹாவும் காட்டினர். பழம் தின்னும் இதற்கு அதனால் குறையில்லை.

அசாமின் ஹாஜோவிலுள்ள ஹயக்ரீவ மாதவர் கோயிலில் மாக் பிஹு திருநாளில் சின்னான் சண்டை நடப்பது வழக்கமாக இருந்தது. அசாமை ஆண்ட ஆஹோம் அரசர் காலத்தது என்பது உள்ளூர் மரபு. சில ஆண்டுத் தடைக்குப் பின் 2024 ஜனவரியில் மீண்டும் நடந்தது. அதற்கென அரசு வகுத்த விதிமுறைகளை கௌஹாத்தி உயர்நீதிமன்றம் அவ்வாண்டு டிசம்பரில் ரத்து செய்தது.