ஓட்டக்காரர் சுமக்கும் மூட்டை

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில், காவிரியின் வடகரையில் அமைந்துள்ள ஊர் முசிறி. சங்க நூல்கள் கூறும் மேலைக் கடற்கரைத் துறைமுகமான முசிறி வேறு, இது வேறு. ஊருக்குத் தெற்கே ஆற்றின் மணற்படுகை, எதிர்க்கரையில் குளித்தலை. வடக்கே துறையூரைக் கடந்து சென்றால் பச்சைமலை, வடமேற்கே கொல்லிமலை. மணல், வயல் வரப்பு, நெருஞ்சி முள் படர்ந்த புன்செய், கற்கள் உருளும் மலைச்சரிவு ஆகிய எல்லா வகைத் தரையையும் இந்த வட்டாரத்தில் காணலாம்.

இத்தகைய பாதைகளில் ஓடுவது இன்று 'டிரெயில் ரன்னிங்' என்ற பெயரில் ஒரு விளையாட்டாக வளர்ந்துள்ளது. அதற்கென்று காலணி, தண்ணீர்ப் பை, தலைவிளக்கு, மேலங்கி எனக் கடைகளில் எத்தனையோ பொருள்கள் விற்கப்படுகின்றன. ஓட்டத்தில் ஆர்வமுள்ள மகனுக்கோ தங்கைக்கோ பரிசளிக்க விரும்புபவர் எதை வாங்குவது என்று திகைத்துப் போகிறார். இந்தக் கேள்விக்கு விடை காண, விளம்பரங்களைவிட வரலாறு நமக்கு நன்கு உதவும்.

மணியும் தீவட்டியும்

நம் நாட்டில் காட்டுப் பாதைகளில் ஓடுவதையே தொழிலாகக் கொண்டிருந்தவர்கள் தபால் ஓட்டக்காரர்கள். 1333ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்த மொராக்கோ நாட்டுப் பயணி இபன் பதூதா, அவர்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். ஓட்டக்காரரின் ஒரு கையில் கடிதம். மறு கையில் இரண்டு முழக் கோல். கோலின் நுனியில் செம்பு மணிகள் கட்டியிருக்கும். மணியோசை கேட்டதும் அடுத்த நிலையில் இருப்பவர் எழுந்து ஆயத்தமாவார். கடிதத்தைப் பெற்றுக்கொண்டு ஓடுவார். குதிரைத் தபாலைவிட இந்தக் கால் தபால் விரைவாகச் சென்றது என்று அவர் வியக்கிறார்.

ஆங்கிலேயர் ஆட்சியிலும் இந்த முறை தொடர்ந்தது. சென்னையில் 1786இல் தலைமைத் தபால் நிலையம் ஏற்பட்டது. 1854இல் நாடு முழுவதற்கும் ஒரே கட்டணமாக, கால் தோலா எடையுள்ள கடிதத்துக்கு அரை அணா என்று விதிக்கப்பட்டது. பின்னர் இரயில் வந்தது. ஆனால் இரயில் எல்லா ஊருக்கும் வரவில்லை. முசிறியையே எடுத்துக்கொள்ளுங்கள். திருச்சியிலிருந்து ஈரோட்டுக்குச் செல்லும் இருப்புப்பாதை 1860களில் காவிரியின் தென்கரையில் போடப்பட்டது. பாலம் வருமுன் குளித்தலையிலிருந்து முசிறிக்கு வர வேண்டுமானால் பரிசலில் ஆற்றைக் கடக்க வேண்டும். இப்படி இரயிலும் வண்டியும் எட்டாத ஊர்களுக்கும் மலைகளுக்கும் மனிதனின் கால்களே கடிதத்தைக் கொண்டு சேர்த்தன.

தபால் ஓட்டக்காரர் எவற்றைச் சுமந்தார் என்று பாருங்கள். தோளில் தபால் பை, கையில் ஈட்டி, அதில் மணி. விலங்குகள் உலவும் காடுகளில் இரவு நேரம் தீவட்டி பிடிப்பவரும் பறை அடிப்பவரும் உடன் சென்றதுண்டு. இவற்றில் வீண் பொருள் எதுவும் இல்லை. மணி, வரவை அறிவித்தது. பாம்பையும் விலங்கையும் விலகச் செய்தது. ஈட்டி, தற்காப்புக்கு உதவியது, ஊன்றுகோலும் ஆயிற்று. ஒவ்வொரு பொருளும் பாதையில் உள்ள ஓர் இடரைத் தீர்ப்பதற்காக வந்தது. இதுவே நாம் தேடும் அளவுகோல்.

காலில் ஏறும் எடை

இன்றைய ஓட்டக்காரர் முதலில் கேட்பது காலணி. தபால் ஓட்டக்காரரோ பெரும்பாலும் வெறுங்காலுடன் ஓடினார். 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா மாரத்தான் ஓட்டத்தை வெறுங்காலுடன் ஓடி, 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் வென்றார். 1964இல் டோக்கியோவில் காலணி அணிந்து, 2 மணி 12 நிமிடம் 11 விநாடியில் மீண்டும் வென்றார். அப்படியானால் காலணி வேண்டுமா, வேண்டாமா?

ஓடும்போது நம் பாதம் ஒவ்வோர் அடியிலும் பின்னிருந்து முன்னே வீசப்படுகிறது, பிறகு நிறுத்தப்படுகிறது. 10 கி.மீ. ஓடுபவர் ஒவ்வொரு காலையும் ஏறத்தாழ 5,000 முறை தூக்கி வைக்கிறார். காலணியில் 100 கிராம் கூடினால் அந்த ஒரு காலே மொத்தத்தில் அரை டன் எடையைக் கூடுதலாகத் தூக்குகிறது! ஒவ்வொரு காலணியிலும் 100 கிராம் கூடினால் ஓட்டத்துக்குச் செலவாகும் ஆற்றல் சுமார் 1 விழுக்காடு கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. முதுகில் சுமக்கும் எடை இவ்வளவு தொல்லை தருவதில்லை. ஆகவே, சுமக்க வேண்டியதை உடலின் நடுப்பகுதியில் வையுங்கள், காலில் ஏற்றாதீர்கள்.

காலணியின் விலைக்கும் வேகத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பதற்கும் சான்று உண்டு. மெக்சிகோவின் மலைப் பள்ளத்தாக்குகளில் வாழும் ராராமுரி மக்கள், நம் ஊர் டயர் செருப்பைப் போன்றதொரு செருப்பை அணிந்து ஓடுபவர்கள். 1993இல் அமெரிக்காவின் லெட்வில் நகரில் நடந்த 100 மைல் மலை ஓட்டத்தில், 50 வயதைக் கடந்த விக்டோரியானோ சுரோ என்ற ராராமுரி விவசாயி முதலாவதாக வந்தார். அவர் காலில் இருந்தது டயர் இரப்பரில் வெட்டிய செருப்புதான்.

ஆனால் இதைப் படித்துவிட்டு நாளையே காலணியைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். சிறு வயது முதல் வெறுங்காலுடன் ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் பாதத்தின் முன்பகுதியை முதலில் ஊன்றுகிறார்கள். காலணிக்குப் பழகியவர்கள் குதிகாலை முதலில் ஊன்றுகிறார்கள். 2010இல் வெளியான டேனியல் லீபர்மன் குழுவினரின் ஆய்வு இந்த வேறுபாட்டை அளந்து காட்டியது. குதிகாலை ஊன்றும் பழக்கமுள்ளவர் திடீரென்று காலணியைத் துறந்தால் தரையின் அதிர்ச்சி நேரே எலும்பைத் தாக்கும்.

மலைச்சரிவில் காலணியின் முதல் வேலை வழுக்காமல் பிடிப்பது. இதற்கு ஒரு துயர வரலாறு உண்டு. 1935இல் ஆல்ப்ஸ் மலையில் ஆறு இத்தாலிய மலையேறிகள் பனிப்புயலில் சிக்கி மாண்டனர். அவர்கள் அணிந்திருந்த காலணி அந்தச் சூழலுக்கு ஏற்றதாக இல்லை. அவர்களுடைய தோழர் வித்தாலே பிரமானி, ஆழமான மேடு பள்ளங்கள் கொண்ட இரப்பர் அடித்தட்டை 1937இல் உருவாக்கினார். 'விப்ரம்' என்ற பெயர் அவர் பெயரின் சுருக்கமே. இன்று மலைப்பாதைக் காலணிகளின் அடியில் நீங்கள் காணும் முரட்டுப் பற்களுக்கு அதுவே முன்னோடி. தார்ச்சாலையில் மட்டும் ஓடுபவருக்கு இந்தப் பற்கள் தேவையில்லை. அங்கே அவை விரைவில் தேய்ந்துபோகும்.

நீரும் உப்பும்

நம் வட்டாரத்தில் ஓட்டக்காரரின் பெரிய பகை வெயில். 1 லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியாகும்போது உடலிலிருந்து ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தை வெளியேற்றுகிறது. வியர்வை நம்மைக் காக்கும் குளிர்விப்பு முறை. அது நீரையும் உப்பையும் செலவிடுகிறது.

ஆனால் தண்ணீரை அளவின்றிக் குடிப்பதும் தீங்கே. 2002இல் பாஸ்டன் மாரத்தான் ஓடி முடித்த 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் அளவு குறைந்திருந்தது. அதிகமாகக் குடித்து, ஓட்டத்தினிடையே எடை கூடியவர்களிடமே இது மிகுதியாகக் காணப்பட்டது. எனவே தாகத்துக்கு ஏற்பக் குடியுங்கள். நீண்ட ஓட்டத்துக்குப் பின் உப்பிட்ட நீர்மோரும், வழியில் கொறிக்கக் கடலைமிட்டாயும் நமக்கு எளிதில் கிடைப்பவை. வெளிநாட்டுப் பொட்டலங்களில் முக்கியமாக இருப்பவையும் நீர், உப்பு, சர்க்கரை ஆகியவையே.

ஒரு மேலங்கியின் விலை

'குறைவாகச் சுமப்பதே நல்லது' என்ற விதிக்கும் ஓர் எல்லை உண்டு. 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாநிலத்தில், மஞ்சள் ஆற்றின் அருகே 100 கி.மீ. மலை ஓட்டம் நடந்தது. 172 பேர் பங்கேற்றனர். பலர் அரைக்கால் சட்டையும் மெல்லிய பனியனும் அணிந்திருந்தனர். காற்றுத் தடுப்பு மேலங்கி கட்டாயப் பொருளாக விதிக்கப்படவில்லை. உயரமான பகுதியில் திடீரென ஆலங்கட்டி மழையும் கடுங்காற்றும் தாக்கின. உடல் வெப்பம் குறைந்து 21 பேர் இறந்தனர். அப்பகுதி ஆடு மேய்ப்பவர் ஒருவர், சிலரைத் தம் குகைக்கு அழைத்துச் சென்று தீ மூட்டி, போர்வை போர்த்திக் காப்பாற்றினார். 200 கிராம்கூட எடையில்லாத ஒரு மேலங்கி அன்று எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கும் அல்லவா?

இதனாலேயே ஐரோப்பாவின் மோன் பிளாங் மலையைச் சுற்றி 2003 முதல் நடைபெறும் பந்தயத்தில், ஊதல், தலைவிளக்கு, வெப்பத்தைக் காக்கும் மெல்லிய போர்வை, தண்ணீர், மழை மேலங்கி ஆகியவை இல்லாதவர் ஓட அனுமதிக்கப்படுவதில்லை. இந்த ஊதலும் விளக்கும் யாவை? நம் தபால் ஓட்டக்காரரின் மணியும் தீவட்டியுமே!

எதைப் பரிசளிக்கலாம்?

இனி, தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு விடை எளிது. பொருளின் விலையைக் கேட்குமுன், ஓடுபவரின் பாதையைக் கேளுங்கள். காவிரிக் கரையில் காலையில் ஓடும் மாணவிக்கு விளிம்புள்ள தொப்பியும், இடுப்பில் கட்டும் அரை லிட்டர் குப்பியும் போதும். விடியுமுன் ஓடுபவருக்குத் தலைவிளக்கு வாங்கித் தாருங்கள்; கைகள் விடுபட்டிருக்கும், பாம்பும் பள்ளமும் கண்ணுக்குத் தெரியும். நெடுந்தொலைவு ஓடுபவருக்கு, வியர்வையைத் தேக்கிவைக்காத நல்ல காலுறை இரண்டு இணை தாருங்கள். ஈரம் தங்கிய தோலில் உராய்வு மிகுந்து கொப்புளம் உண்டாகிறது. பச்சைமலை, கொல்லிமலை ஏறுபவருக்கு ஊதலும் மடித்து வைக்கக்கூடிய மேலங்கியும் தேவை.

காலணியை மட்டும் வாங்கிவந்து கையில் கொடுக்காதீர்கள். உரியவரையே கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். பாதம் சற்றே வீங்கியிருக்கும் மாலை வேளையில் அணிந்து பார்க்கச் சொல்லுங்கள். விரல்களுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும்; இல்லையேல் மலையிறங்கும்போது நகங்கள் நசுங்கும். அதற்குப் பொருள்வசதி இல்லையென்றால் வருந்த வேண்டாம். ஒரு சிறு ஊதலை நூலில் கோத்து ஓடுபவரின் கழுத்தில் மாட்டிவிடுங்கள். காட்டுப் பாதையில் கால் பிசகி விழுந்தவருக்கு, குரல் ஓய்ந்த பிறகும் அந்த ஓசை துணைக்கு ஆளை அழைத்துவரும்.