உதட்டு ஓரத்தில் கொப்புளமா? ஹெர்பிஸ் பற்றிப் பதறாமல் தெரிஞ்சுக்கோங்க!

நாளைக்கு இன்டர்வியூ. ராத்திரி உதட்டு ஓரத்தில் லேசான அரிப்பு, சுருக்கென்று எரிச்சல். காலையில் கண்ணாடியைப் பார்த்தால், கொத்தாகக் குட்டிக் குட்டிக் கொப்புளங்கள். 'ஏதாவது பூச்சி கடிச்சிருக்கும்' என்கிறார் அம்மா. கூகுளில் தேடினால் 'ஹெர்பிஸ்' என்று வருகிறது. கூடவே 'பால்வினை நோய்' என்ற வார்த்தையும். அவ்வளவுதான், படபடப்பு ஆரம்பிச்சிடும்!

கொஞ்சம் பொறுங்க. உலகில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் சுமார் 64 சதவிகிதம் பேரிடம் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் முதல் வகை வைரஸ் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. பலருக்கும் இது சின்ன வயதிலேயே, வீட்டுப் பெரியவர்கள் கொடுத்த முத்தத்தில் வந்தது. அதனால், உதட்டுக் கொப்புளத்தை வெச்சு யாருடைய ஒழுக்கத்தையும் எடை போடாதீங்க.

பெரிய குடும்பம் இது!

மனிதர்களைத் தாக்கும் ஹெர்பிஸ் வைரஸ்களை எட்டு வகையாகப் பிரிக்கிறார்கள். முதல் வகை பெரும்பாலும் வாயைச் சுற்றியும், இரண்டாம் வகை பிறப்புறுப்பிலும் கொப்புளங்களை உண்டாக்கும். வாய்வழி உறவில் முதல் வகையும் பிறப்புறுப்புக்குப் பரவலாம். சின்னம்மையைத் தரும் வைரஸும் இதே குடும்பம்தான்.

எப்படி ஒளிந்துகொள்கிறது?

தோல் அல்லது வாயின் ஈரமான பகுதி வழியே நுழையும் வைரஸ், அங்கிருக்கும் நரம்பைப் பிடித்துக்கொண்டு நரம்பு முடிச்சு வரை போய் தூங்கிவிடும். காய்ச்சல், மன அழுத்தம், கடும் வெயில், மாதவிடாய் என உடல் தளரும் நேரத்தில் விழித்து, வந்த வழியே தோலுக்குத் திரும்பும். இன்டர்வியூவுக்கு முந்தின நாள் கொப்புளம் வந்ததன் ரகசியம் இதுதான்.

சின்னம்மை வைரஸ் பல வருடங்கள் கழித்து இப்படி விழிப்பதைத்தான் நாம் 'அக்கி' என்கிறோம். காவி குழைத்து அக்கி எழுதும் வழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கு. சில வாரங்களில் அக்கி தானாகவே ஆறும் என்பதால், அந்தப் பெயர் காவிக்குப் போய்விடுகிறது. ஆனால், கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தொடங்கினால்தான் முழுப் பலன். தாமதித்தால் நோய் நீடிக்கலாம். கொப்புளம் ஆறிய பிறகும் சிலருக்கு நரம்பு வலி மாதக்கணக்கில் படுத்தும். தாத்தா, பாட்டிக்கு அக்கி வந்தால் முதலில் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

எப்படிப் பரவும்?

முத்தம், உடலுறவு, கொப்புளத்தை நேரடியாகத் தொடுவது ஆகியவைதான் முக்கிய வழிகள். கொப்புளம் இல்லாத நாள்களிலும் பரவலாம். ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், முழுசா தடுக்காது. டாய்லெட் சீட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வாய்க்கு உள்ளே அடிக்கடி வரும் வெள்ளைப் புண் பெரும்பாலும் ஹெர்பிஸ் கிடையாது.

இதையெல்லாம் மறக்காதீங்க!

* கொப்புளத்தைக் கிள்ளாதீங்க. தொட்டுவிட்டால் சோப்பு போட்டுக் கை கழுவுங்க. அதே கையால் கான்டாக்ட் லென்ஸைத் தொடவே கூடாது.

* கண் சிவந்து, வலித்து, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசினால் அன்றே கண் மருத்துவரைப் பாருங்க. மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகவே ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்கிப் போட்டால் பார்வைக்கே ஆபத்து.

* கர்ப்பிணிகள், பிறப்புறுப்பில் எப்போதாவது கொப்புளம் வந்திருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிடுங்க. பிரசவத்தின்போது குழந்தைக்குப் பரவலாம்.

* வைரஸை உடலிலிருந்து முழுசா வெளியேற்ற மருந்து இல்லை. ஆனால் அசைக்ளோவிர் போன்ற மாத்திரைகள் அதை அடக்கி வைக்கும். டாக்டர் சொன்னபடி சாப்பிடுங்க.

கடைசியா ஒண்ணு... உதட்டில் கொப்புளம் இருக்கும்போது பிறந்த குழந்தையைப் பார்க்கப் போகாதீங்க. போனாலும் முத்தம் கொடுக்காதீங்க. நமக்கு ஒரு வாரத் தொல்லையாக வந்துபோகும் வைரஸ், பச்சைக் குழந்தையின் மூளையைத் தாக்கி உயிரையே பறிக்கலாம். 'அப்புறம் வந்து கொஞ்சிக்கிறேன்' என்று சொன்னால் யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க!