இறை யாருக்கு?

தமிழில் 'இறை' என்பது மிகச் சிறிய சொல். ஆயினும் அது தாங்கும் பொருள் பெரிது. கடவுளை இறைவன் என்கிறோம். அரசனையும் இறைவன் என்றே நம் முன்னோர் அழைத்தனர். குடிமக்கள் அரசுக்குச் செலுத்தும் வரிக்கும் 'இறை' என்பதே பெயர். இன்று நாம் 'இறையாண்மை' என்று பெருமிதத்தோடு வழங்கும் சொல்லும் இந்த வேரிலிருந்து கிளைத்ததே. ஒரு நாட்டின் இறையாண்மை யாரிடம் உள்ளது என்று அறிய வேண்டுமானால், அரியணையில் அமர்ந்திருப்பவர் யார் என்று பார்ப்பது போதாது; அந்நாட்டின் இறை யார் கைக்குப் போய்ச் சேர்கிறது என்றும் பார்க்க வேண்டும். இந்தப் பாடத்தை வேறெங்கும் சென்று கற்க வேண்டியதில்லை. நாம் நாள்தோறும் நடமாடும் மண்ணே அதைக் கற்பிக்கிறது.

திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடையே, நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது விக்கிரவாண்டி. மேற்கே செஞ்சி மலைகள். திண்டிவனத்திற்குக் கிழக்கே, மரக்காணம் செல்லும் வழியில் பெருமுக்கல் குன்று. வடக்கே வந்தவாசி, தென்கிழக்கே வழுதாவூரும் அதற்கு அப்பால் புதுச்சேரியும். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்த ஊர்கள் ஒவ்வொன்றும் போர்க்களமாகவோ பாசறையாகவோ இருந்தன. போரிட்டவை இரண்டு ஐரோப்பிய வணிகக் கம்பெனிகள். போருக்கு விலை கொடுத்தவர்கள் இம்மண்ணின் உழவர்கள்.

நவாபின் ஆணை

அக்காலத்தில் இப்பகுதி ஆற்காட்டு நவாபின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. நவாப், ஐதராபாத் நிஜாமுக்குக் கட்டுப்பட்டவர்; நிஜாமோ தில்லிப் பேரரசரின் பெயரால் ஆண்டவர். பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் நவாபின் இசைவோடு கடற்கரையில் வணிகம் செய்துவந்த விருந்தினரே.

ஐரோப்பாவில் இவ்விரு நாடுகளும் போரில் இறங்கியபோது, தம் எல்லைக்குள் போர் கூடாது என்று நவாப் அன்வருத்தீன் தடுத்தார். ஆனால் 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். நகரை நவாபிடம் ஒப்படைப்பதாக ஆளுநர் தூப்ளே அளித்த வாக்கும் காப்பாற்றப்படவில்லை. வெகுண்ட நவாப் தம் மகனின் தலைமையில் பெரும்படையை அனுப்பினார். அடையாற்றங்கரையில் பயிற்சி பெற்ற சில நூறு வீரர்களே அப்படையைச் சிதறடித்தனர். விருந்தினர் வீட்டுக்காரரை வென்றுவிட்டனர். 1748இல் ஐரோப்பாவில் கையெழுத்தான எக்ஸ்-லா-ஷப்பேல் உடன்படிக்கையின்படி சென்னை மீண்டும் ஆங்கிலேயருக்குத் தரப்பட்டது. அம்மண்ணின் ஆட்சியாளரான நவாபை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வீட்டுச் சண்டைக்கு வெளியார் துணை

எனினும், அந்நியரின் வலிமை மட்டுமே நம்மை வீழ்த்தியது என்று கூறினால் அது பாதி உண்மையே. மறுபாதி நம் வீட்டுக்குள்ளே இருக்கிறது.

1748இல் நிஜாம் மறைந்ததும், அவர்தம் மகன் நாசிர் ஜங்குக்கும் பேரன் முசாபர் ஜங்குக்கும் வாரிசுரிமைப் போட்டி மூண்டது. ஆற்காட்டிலோ அன்வருத்தீனுக்கு எதிராகச் சந்தா சாகிபு கிளர்ந்தெழுந்தார். முசாபர் ஜங்கும் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரின் துணையை நாடினர். 1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் அன்வருத்தீன் மாண்டார். அவர் மகன் முகமது அலி ஆங்கிலேயரின் துணையை நாடினார். இவ்வாறு இரு தரப்பும் தத்தமக்கு ஓர் ஐரோப்பியப் படையை அமர்த்திக்கொண்டன.

படைக்குக் கூலி வேண்டுமே! கருவூலத்தில் காசில்லாதவர் நிலத்தைக் கொடுத்தனர். வில்லியனூர், பாகூர்ப் பகுதிகள் பிரெஞ்சுக் கம்பெனிக்குத் தரப்பட்டன. வழுதாவூர் தூப்ளேயின் சாகீர் ஆயிற்று. இன்றும் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி செல்பவர் தமிழ்நாட்டு எல்லையும் புதுவை எல்லையும் மாறிமாறி வருவதைக் காணலாம். ஒட்டுத்துணி போல் கிடக்கும் அந்த எல்லைக்கோடுகள், நம்மவர் நிலத்தைத் துண்டு துண்டாகக் கொடுத்து வெளியார் படையை வாங்கிய காலத்தின் தழும்புகளாகும்.

1750 செப்டம்பரில் புஸ்ஸி என்னும் பிரெஞ்சுத் தளபதி, யாராலும் வெல்ல முடியாதது எனக் கருதப்பட்ட செஞ்சிக் கோட்டையை ஓர் இரவில் கைப்பற்றினார். முகலாயப் படை பல்லாண்டு முற்றுகையிட்டு 1698இல் பெற்ற கோட்டை அது! அதே ஆண்டு டிசம்பரில் செஞ்சிக்கு அருகே நாசிர் ஜங் தம் பக்கத்தைச் சேர்ந்த நவாபு ஒருவராலேயே கொல்லப்பட்டார். அந்த வெற்றியின் நினைவாகத் தூப்ளே தம் பெயரால் 'தூப்ளே பத்தேகாபாத்' என்ற ஊரை அமைக்கத் தொடங்கினார். 1752இல் கிளைவ் அதை இடித்துத் தரைமட்டமாக்கினார். அதே 1752இல் மேஜர் கின்னீர் தலைமையில் செஞ்சியை மீட்கச் சென்ற ஆங்கிலப் படை விக்கிரவாண்டியில் பிரெஞ்சுக்காரரிடம் தோற்றது. ஒருவர் கட்டியதை மற்றவர் இடிப்பதும், ஒருவர் வென்ற ஊரை மற்றவர் பறிப்பதுமாகப் பத்தாண்டுகள் கழிந்தன. இரு படைகளிலும் கால்நடையாய் நடந்த சிப்பாய்களில் பெரும்பாலோர் இந்நாட்டினரே. அவர்களுக்குச் சோறிட்டதும் இந்நாட்டு வயல்களே.

யூதேயாவின் வரலாற்றை அறிந்தோர்க்கு இது புதிய கதையன்று. கி.மு. 63இல் ஹிர்க்கானுஸ், அரிஸ்டோபுலுஸ் என்ற உடன்பிறந்தார் இருவர் ஆட்சிக்காகச் சண்டையிட்டு, இருவருமே உரோமைத் தளபதி பொம்பேயிடம் முறையிட்டனர். வழக்கைத் தீர்க்க வந்த பொம்பே எருசலேமையே கைப்பற்றிக்கொண்டார். பின்னர் கி.மு. 40இல் ஏரோதை யூதர்களின் அரசராக அறிவித்தது எருசலேம் அன்று, உரோமை ஆட்சிமன்றம். அழைத்தவர் வீட்டுக்குள்ளேயே குடியேறுவது படைபலத்தின் இயல்பு.

நாணயத்தில் யார் பெயர்?

நாணயத்தில் இருப்பது யாருடைய உருவம் என்று ஆண்டவர் இயேசு கேட்ட கேள்வியை நாம் நன்கு அறிவோம். அக்கேள்வியை ஆற்காட்டு நாணயத்தை வைத்துக் கேட்டுப் பாருங்கள். 1736இல் ரூபாய் அச்சிடும் உரிமையைப் பிரெஞ்சுக்காரர் நவாப் தோஸ்த் அலியிடம் பெற்றனர். புதுச்சேரியில் அச்சான அந்த நாணயத்தில் இருந்தது தில்லிப் பேரரசரின் பெயர். ஆங்கிலக் கம்பெனியும் 1835 வரை முகலாயரின் பெயராலேயே நாணயம் வெளியிட்டது. பெயர் தில்லிக்குரியது, அச்சும் ஆதாயமும் கம்பெனிக்குரியவை! ஆக்கிரமிப்பு எப்போதும் பழைய கொடியை இறக்கிவிட்டுத்தான் வரும் என்பதில்லை. பழைய பெயரை அப்படியே விட்டுவைத்து, அதன் உள்ளீட்டை மட்டும் உறிஞ்சிக்கொள்வதும் உண்டு.

1760 ஜனவரி 22இல் வந்தவாசியில் அயர் கூட், லாலியின் படையை முறியடித்தார். அடுத்துப் பெருமுக்கல் வீழ்ந்தது. 1761 ஜனவரி 16இல் புதுச்சேரி சரணடைந்தது. ஏப்ரலில் செஞ்சியும் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1763இல் பாரிசு உடன்படிக்கையின் 11ஆம் பிரிவு, முகமது அலியே கருநாடகத்தின் சட்டப்படியான நவாப் என்று அறிவித்தது. ஆற்காட்டின் ஆட்சியாளர் யார் என்பதைத் தீர்மானித்த இடம் பாரிசு! முகமது அலி இதைத் தம் வெற்றியாகக் கருதியிருக்கலாம். ஆனால் அவருக்கு உரிமைச் சீட்டு எழுதிக்கொடுக்கும் கை, அதைக் கிழிக்கவும் வல்லது அன்றோ?

அவ்வாறே நிகழ்ந்தது. தமக்காக நடந்த போர்களின் செலவு முழுவதும் நவாபின் கணக்கில் கடனாக ஏறிற்று. கம்பெனி ஊழியர்களிடமே அவர் வட்டிக்கு வாங்கினார். கடனுக்கு ஈடாக மாவட்டங்களின் நிலவரியை எழுதிக்கொடுத்தார். 1785 பிப்ரவரியில் எட்மண்ட் பர்க் ஆங்கில நாடாளுமன்றத்தில் இந்தக் கடன்களைக் கடுமையாகச் சாடிப் பேசினார். ஆயினும் ஏதும் மாறவில்லை. 1780இல் ஐதர் அலியின் படையெடுப்பு வேறு இப்பகுதியைச் சூறையாடியது. 1801 ஜூலை 31இல் புதிய நவாபுடன் செய்த ஒப்பந்தத்தின் மூலம் ஆட்சி முழுவதையும் கம்பெனி எடுத்துக்கொண்டது. நவாபுக்கு எஞ்சியது பட்டமும், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்குமே. இறை கைமாறிப் பல்லாண்டுகள் கழித்தே இறையாண்மை கைமாறியது. அந்த ஒப்பந்தம் வெறும் எழுத்து வேலைதான்.

இடிந்த கோயில், இடிந்த ஆலயம்

கத்தோலிக்கராகிய நாம் இவ்வரலாற்றில் மௌனமாகக் கடந்துபோகக் கூடாத ஒரு பக்கமும் உண்டு. 1748இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த நாள்களில், தூப்ளேயின் ஆட்சியில், நகரின் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. அதன் அருகில் இருந்தது இயேசு சபையினரின் ஆலயம். கோயிலை அகற்றவேண்டும் என்று மறைப்பணியாளர் பல காலம் வேண்டிவந்ததும் மறைக்க முடியாத உண்மை. தூப்ளேயின் தலைமைத் துபாசியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, அந்நாளின் துயரைத் தம் நாட்குறிப்பில் பதிவு செய்துள்ளார்.

பதின்மூன்று ஆண்டுகள் சென்றன. 1761இல் நகரைப் பிடித்த ஆங்கிலேயர் அதைத் தரைமட்டமாக்கினர். இயேசு சபையினரின் ஆலயமும் தப்பவில்லை. இன்று நாம் காணும் அமல உற்பவ அன்னை பேராலயம் 1791இல் கட்டிமுடிக்கப்பட்டதாகும். நற்செய்தி இம்மண்ணில் வேரூன்றியது எளிய மக்களின் நம்பிக்கையால். பீரங்கிகளின் நிழலால் அன்று. படையின் நிழலில் ஒதுங்கும் சமயம், அப்படை வீழும் நாளில் தானும் வெயிலுக்கு வந்தே தீரும். அதைவிடத் துயரமானது, அயலாரின் கண்ணீருக்கு அது காரணமாகிவிடுவது.

அதற்கு முன்னும் அந்நியர் ஆளவில்லையா?

இங்கே ஒரு கேள்வி எழும். நாயக்கர், பீஜப்பூர் சுல்தான்கள், மராத்தியர், முகலாயர் எனப் பலர் செஞ்சியை ஆண்டனர். அவர்களும் படைகொண்டே வந்தனர். 1714இல் தேசிங்குராசன் உயிர்விட்டதும் ஆற்காட்டு நவாப் கேட்ட கப்பப் பாக்கியால் மூண்ட போரில்தானே? பிறகு ஐரோப்பியரை மட்டும் குறைகூறுவது முறையா?

நியாயமான கேள்வி இது. இன்று நாம் கொண்டுள்ள 'நாடு' என்ற எண்ணத்தை அக்காலத்தின்மீது அப்படியே ஏற்றுவதும் பிழைதான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. முன்பு வந்தவர்களில் பலர் இங்கேயே தங்கினர்; கொடுமை செய்தபோதும் இம்மண்ணின் மழையையும் பஞ்சத்தையும் கண்ணால் கண்டனர். கம்பெனியோ, கடல்கடந்த பங்குதாரர்களுக்கே கணக்குக் கூறியது. விழுப்புரத்து உழவனின் குறை இலண்டன் கணக்கேட்டில் ஓர் எண்ணாகக்கூட இடம்பெறவில்லை. தன்னைப் பற்றிய முடிவு எடுக்கப்படும் இடத்தில் தன் குரல் கேட்கப்படாமை: இதுவே இறையாண்மை இழப்பு.

அக்குரல் ஒருநாள் கேட்டது. 1954 அக்டோபர் 18இல், அன்று கொடுக்கப்பட்ட அதே வில்லியனூர்ப் பகுதியை ஒட்டிய கீழூரில், மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினர். அவர்களுள் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர். நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்டு 16இல் அது சட்டப்படி நிறைவுற்றது. ஒரு குண்டும் வெடிக்காமல், ஐரோப்பிய மாளிகையில் அன்று, ஒரு சிற்றூரில் அம்முடிவு எடுக்கப்பட்டது.

2025இல் செஞ்சிக் கோட்டை, மராத்தியரின் படையரண் நிலப்பரப்புகளுள் ஒன்றாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அங்குச் செல்லும் நம் இளைஞர்கள் மதிலின் உயரத்தை வியக்கட்டும். தேசிங்கின் வீரத்தைப் போற்றட்டும். கூடவே, அவ்வளவு உயர்ந்த மதில்களும் ஓர் இரவில் வீழ்ந்ததன் காரணத்தையும் எண்ணிப் பார்க்கட்டும். உடன்பிறந்தாரின் பூசலைத் தீர்க்க வலியவனை அழைப்பது இன்றும் நிற்கவில்லை. குடும்பத்தில், ஊரில், பங்கில், நாட்டில் அது வெவ்வேறு உருவில் தொடர்கிறது. அழைக்கப்படும் துணை எதுவாயினும் அதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையை யார் கொடுக்கப்போகிறார்கள் என்று முன்கூட்டியே கேட்கும் துணிவு நமக்கு வேண்டும். அன்று அதைக் கேட்க ஆளில்லை. கொடுத்தவர் உழவர்.