பிளாட்டினமும் ஒரு முள்செடியும்

நோயைக் குணப்படுத்தும் மருந்தே சிறுநீரகத்தைக் கெடுத்தால் என்ன செய்வது? 1970களில் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களைத் தூங்கவிடாமல் செய்த கேள்வி இது. அந்த மருந்தின் பெயர் சிஸ்பிளாட்டின்.

இது கண்டுபிடிக்கப்பட்டதே ஒரு விபத்துதான்! 1965-ல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பர்க் என்பவர் ஈ.கோலை பாக்டீரியாக்கள் மீது மின்சாரம் செலுத்திப் பார்த்தார். அவை இரண்டாகப் பிரியாமல் நூல் போல நீண்டுகொண்டே போயின. காரணம் மின்சாரம் அல்ல. மின்முனையிலிருந்து கரைந்து வந்த பிளாட்டினம்தான் அந்த வேலையைச் செய்திருந்தது. அப்படி உருவான சேர்மத்தை இத்தாலியரான பெய்ரோன் 1840களிலேயே தயாரித்திருந்தார். நூறு வருடங்களுக்கு மேல் அது என்னத்துக்கு ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை!

செல் பிரிவதைத் தடுக்கிறது என்றால் புற்றுநோய்க் கட்டியையும் தடுக்கும் அல்லவா? எலிகளிடம் தடுத்தது. பிறகு மனிதர்களிடமும், குறிப்பாக விரைப் புற்றுநோயில், அற்புதமான பலன் கிடைத்தது. ஆனால் பலருக்குச் சிறுநீரகம் பழுதானதால் மருந்தையே கைவிட்டுவிடலாமா என்ற நிலை வந்தது. சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் செல்களுக்குள் போய்ச் சேர்ந்துகொள்ளும். அங்கே தீவிரமான ஆக்ஸிஜன் மூலக்கூறுகள் பெருகிச் செல்களை அரிக்கும்.

அப்போது மருந்தைக் காப்பாற்றியது தண்ணீர்! 1977-ல் நியூயார்க்கைச் சேர்ந்த ஆய்வாளர்கள், நரம்பு வழியாக நிறைய உப்பு நீரையும் சிறுநீரைப் பெருக்கும் மானிட்டாலையும் கொடுத்தால் பாதிப்பு வெகுவாகக் குறைகிறது என்று காட்டினார்கள். 1978-ல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. ஆனாலும் பாதிப்பு முழுதாக நீங்கவில்லை.

இங்கேதான் முள்செடி வருகிறது. மில்க் திஸில் என்பது மத்தியதரைக் கடல் நாடுகளில் வளரும் ஊதாப்பூ முள்செடி. இலையில் பால் சிந்தியது போல வெள்ளை நரம்புகள் ஓடும். அது மேரி மாதாவின் பால் என்று ஒரு கதை உண்டு. மரியானம் என்ற தாவரவியல் பெயர் வந்ததும் அதனால்தான். 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கல்பெப்பர் இதைக் கல்லீரலுக்குப் பரிந்துரைத்தார். 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய மருத்துவர் ராடமாகர் விதைச் சாற்றைக் கொடுத்தார். 1968-ல் மியூனிக்கில் வாக்னர் குழுவினர் விதையிலிருந்து சிலிமாரின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். பிறகு பார்த்தால் அது ஒரே பொருள் அல்ல, பல பொருட்களின் கலவை. அதில் முக்கியமானது சிலிபினின், நல்ல ஆன்டி ஆக்ஸிடன்ட். விஷக்காளான் தின்றவர்களின் கல்லீரலைக் காப்பாற்ற ஐரோப்பாவில் இதை ஊசியாகவே போடுகிறார்கள்.

காளான் விஷத்துக்கு உதவுவது கீமோவுக்கு உதவாதா? 1996-ல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் எலிகளுக்குச் சிலிபினின் கொடுத்துப் பிறகு சிஸ்பிளாட்டின் கொடுத்தார்கள். சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது. அதைவிட முக்கியம், ஆய்வகத்தில் வளர்த்த விரைப் புற்றுநோய்ச் செல்களைச் சிஸ்பிளாட்டின் கொல்லும் திறன் குறையவில்லை. இதைச் சோதிக்காமல் விட்டிருந்தால் அந்த ஆய்வுக்கு அர்த்தமே இல்லை. ஏனென்றால் சிறுநீரகத்தைக் காக்கும் பொருள் கட்டியையும் சேர்த்துக் காத்துவிட்டால்? நோயாளி மருந்தின் வேதனையை எல்லாம் பட்டும் பலனை இழப்பார். கீமோவோடு மூலிகை மாத்திரை எதையும் டாக்டரிடம் சொல்லாமல் சாப்பிடக்கூடாது என்று சொல்வது இதனால்தான்.

கல்லீரல் பக்கம் கொஞ்சம் நல்ல செய்தி. ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுத்து, கல்லீரல் பாதிக்கப்பட்டிருந்த 50 குழந்தைகளிடம் அமெரிக்காவில் நடந்த சோதனை 2010-ல் வெளியானது. பாதிப் பேருக்கு மில்க் திஸில், மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை, 28 நாட்கள். 56-ஆம் நாள் பார்த்தபோது மில்க் திஸில் சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் நொதி ஒன்று தெளிவாகக் குறைந்திருந்தது. சோதனை சின்னது, பலனும் சின்னதுதான். ஆனால் கல்லீரல் நொதி ஏறினால் இந்தக் குழந்தைகளுக்குக் கீமோவைக் குறைக்க அல்லது நிறுத்த வேண்டி வரும் என்பதை நினைத்தால் அதன் அருமை புரியும்.

சிறுநீரகத்துக்கு அந்த அதிர்ஷ்டம் வரவில்லை. சிஸ்பிளாட்டின் எடுக்கும் நோயாளிகளுக்குச் சிலிமாரின் மாத்திரை கொடுத்து ஈரானில் நடந்த ஒரு சிறு சோதனையின் முடிவு 2015-ல் வந்தது. எலியைக் காப்பாற்றியது மனிதனைக் காப்பாற்றவில்லை. வாயால் விழுங்கும் சிலிமாரினில் கொஞ்சம்தான் ரத்தத்தில் சேர்கிறது என்பது இதில் பழைய சிக்கல். இன்றைக்கும் சிஸ்பிளாட்டின் ஏற்றும் நாளில் நோயாளியின் கையில் முதலில் ஏறுவது அதே உப்பு நீர் பாட்டில்தான்.