முகமூடிக்குள் ஒரு முகம்

ஆகாயத்தில் பறந்து வந்து அக்கிரமக்காரர்களை அடக்குகிற வீரன் முதன்முதலில் அமெரிக்காவில்தான் பிறந்தான் என்று நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். சூப்பர்மேன் அச்சில் வந்தது 1938-இல். அதற்குச் சில வருஷங்கள் முன்பே டோக்கியோத் தெருக்களில் ஒரு வீரன் உலாவினான். சைக்கிளில் மிட்டாய்ப் பெட்டியோடு வந்து, படங்களை ஒவ்வொன்றாக உருவிக் காட்டிக் கதை சொன்ன கூத்துக்காரர்களின் சிருஷ்டி அவன். பெயர் 'ஓகோன் பாட்', அதாவது பொன் வௌவால். மண்டையோட்டு முகம், முதுகில் அங்கி, பறக்கும் சக்தி. மிட்டாய் வாங்கிய பிள்ளைகளுக்குத்தான் முன்வரிசை. வியாபாரம் எந்த ஊரிலும் வியாபாரந்தானே!

அந்த வம்சம் தழைத்தது. 1966-இல் அல்ட்ராமேன், 1971-இல் காமென் ரைடர் என்று ஜப்பானியத் தொலைக்காட்சியில் வீரர்களுக்குக் குறைவில்லை. ஆனால் அமெரிக்க ரசிகர்களில் வெகு சிலரே இவர்களை அறிவார்கள். ஏன்? "அந்நிய முகம், அமெரிக்கக் குழந்தைகளுக்குப் பிடிக்காது" என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். நான் அதை ஒப்ப மாட்டேன். எனக்குச் சாட்சி ஹவாய்.

ஹவாயும் அமெரிக்க ராஜ்யங்களில் ஒன்றுதான். 1974-இல் அங்கே 'கிகைடா' என்ற தொடரை ஜப்பானிய மொழியிலேயே, அடியில் ஆங்கில வரிகளோடு காட்டினார்கள். கதாநாயகன் ஓர் இயந்திர மனிதன். பாதி உடல் சிவப்பு, பாதி நீலம். அவனுக்குள் வைத்த மனச்சாட்சி யந்திரம் அரைகுறை. வில்லனின் புல்லாங்குழல் கேட்டால் தலையைப் பிடித்துக்கொண்டு துடிப்பான். ஜப்பானிய வம்சாவளியினர் அங்கே ஏராளம் என்பது மெய்தான். ஆனாலும் எல்லா இனத்துப் பிள்ளைகளும் அவன்மேல் பித்துப் பிடித்து அலைந்தார்கள். 2001-இல் தொடரை மறுபடி காட்டியபோது, அந்தப் பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்தார்கள்.

பிரதான பூமியில் நடந்தது வேறு. அல்ட்ராமேன் ஆங்கிலம் பேசிக்கொண்டு சீக்கிரமே போனான், ஆனால் நிலைக்கவில்லை. பிற்பாடு, 1976-இல் எழுதியதாகச் சொல்லப்பட்ட ஒரு பத்திரத்தைக் காட்டித் தாய்லாந்து நிறுவனம் ஒன்று வெளிநாட்டு உரிமை கோரிற்று. அந்தப் பத்திரம் மெய்யானதல்ல என்று கலிபோர்னியாவில் ஜூரிகள் சொல்ல 2017 ஆயிற்று!

1993-இல் செய்ததுதான் என்னை உறுத்துகிறது. 1992-இல் ஜப்பானில் வந்த 'ஜூரேஞ்சர்' தொடரை வாங்கி, 'பவர் ரேஞ்சர்ஸ்' ஆக்கினார்கள். முகமூடிச் சண்டைகளை வைத்துக்கொண்டார்கள். முகம் தெரியும் காட்சிகளை வெட்டி எறிந்துவிட்டு, அமெரிக்க இளைஞர்களை வைத்துப் புதிதாகப் படம் பிடித்தார்கள். அமெரிக்கா முழுவதும் குழந்தைகள் அதைக் கொண்டாடினார்கள். குதித்தவனும் விழுந்தவனும் அடிபட்டவனும் ஜப்பானியன். முகமூடியைக் கழற்றினால் மட்டும் உள்ளே ஓர் அமெரிக்கன் இருந்தான்.