சம்பளம் இல்லாத மாணவர் குறும்படம்: நடிகர்களிடம் ஒப்பந்தம் போடுவது எப்படி?

"நம்ம ஃப்ரெண்டுதானே, எதுக்கு அக்ரிமென்ட்?" குறும்படம் எடுக்கும் விஸ்காம் மாணவர்கள் பலரும் கேட்கும் கேள்வி இது. சிக்கல் வருவது பெரும்பாலும் படம் முடிந்த பிறகுதான். விழாவுக்குத் தேர்வான நேரத்தில், "என் காட்சியை எடுத்துடுங்க" என்று ஒருவர் சொன்னால் மொத்த டீமின் உழைப்பும் முடங்கிவிடும்.

பணம் தராத ஒப்பந்தம் செல்லுமா?

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ன் 25-வது பிரிவுப்படி, சில விதிவிலக்குகள் தவிர, பிரதிபலன் இல்லாத ஒப்பந்தம் செல்லாது. ஆனால் பிரதிபலன் என்றால் ரொக்கம் மட்டும் அல்ல. டைட்டிலில் பெயர், படத்தின் பிரதி, சாப்பாடு, பஸ் செலவு ஆகியவற்றைத் தருவதாக உறுதி அளிப்பதும் பிரதிபலன்தான். எனவே 'சம்பளம் கிடையாது' என்பதோடு நிறுத்தாமல், என்ன தருவீங்க என்பதையும் எழுதுங்க.

வாய்வார்த்தை போதாதா?

பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் 38ஏ பிரிவு இங்கே முக்கியம். தன் நடிப்பைப் படத்தில் சேர்க்க நடிகர் எழுத்து மூலம் சம்மதித்துவிட்டால், வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, அந்தப் படத்தைத் தயாரிப்பாளர் பயன்படுத்துவதை அவர் பின்னர் எதிர்க்க முடியாது. அதே நேரம், வணிகப் பயன்பாடு என்றால் ராயல்டி கேட்கும் உரிமை நடிகருக்கு உண்டு.

என்னவெல்லாம் எழுத வேண்டும்?

* தயாரிப்பாளர் யார்? மாணவரா, கல்லூரியா?
* படப்பிடிப்பு நாட்கள், நேரம், இடம்
* படம் எங்கெல்லாம் வெளியாகும்: வகுப்பு, திரைப்பட விழா, யூடியூப்
* பின்னாளில் வருமானம் வந்தால் பங்கு எவ்வளவு
* டைட்டிலில் பெயர் எப்படி வரும்
* நெருக்கமான காட்சி, சண்டைக் காட்சி இருந்தால் தனிச் சம்மதம்
* காயம் ஏற்பட்டால் மருத்துவச் செலவு யாருடையது
* பாதியில் விலகினால், எடுத்த காட்சிகள் என்ன ஆகும்

நடிப்பவர் 18 வயதுக்குக் கீழ் என்றால்?

அவர் போடும் கையெழுத்து செல்லாது. பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையெழுத்திட வேண்டும். 14 வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் குழந்தைத் தொழிலாளர் விதிகளையும் பார்க்கணும். மாவட்ட ஆட்சியரின் அனுமதி, நாளுக்கு அதிகபட்சம் 5 மணி நேரம், ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பவை அதில் உள்ளன.

எப்போது கையெழுத்து?

கேமரா ஓடுவதற்கு முன்பே. இரண்டு பக்கம் போதும், நடிகருக்குப் புரியும் மொழியில் இருக்கட்டும். படித்துப் பார்க்க ஒரு நாளாவது அவகாசம் கொடுங்க. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை நடிகரிடமே கொடுத்துடுங்க. படத்தை விற்கும் எண்ணம் இருந்தால் மட்டும், வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுவது நல்லது.