பந்தய டிரோன் கட்டுமானத்தின் வரலாறு

எஃப்.பி.வி. பந்தய டிரோன் என்பது, முகப்பில் பொருத்திய சிறு கேமரா அனுப்பும் காட்சியைக் கண்ணில் அணியும் திரையில் பார்த்தபடி ஓட்டப்படும் நான்கு மோட்டார் வானூர்தி. இதை உதிரிபாகங்களாக வாங்கி, ஓட்டுபவரே சால்டர் வைத்துக் கட்டிக்கொள்வது தொடக்கம் முதலான வழக்கம். கட்டத் தெரியாதவர் இந்த விளையாட்டில் நெடுநாள் நிலைப்பதில்லை. ஒவ்வொரு பந்தயத்திலும் ஏதாவது உடையும். உடைந்ததை மாற்ற அடுத்த சுற்றுக்குள் சில நிமிடங்களே கிடைக்கும்.

தோற்றம்

இதன் மூளையான பறப்புக் கட்டுப்பாட்டுப் பலகை, ஒரு விளையாட்டுப் பொருளிலிருந்து வந்தது. நிண்டெண்டோ நிறுவனம் 2009-இல் தன் வீ விளையாட்டுக் கருவிக்காக வெளியிட்ட மோஷன் பிளஸ் என்னும் துணைக்கருவியில் மலிவான சுழல் உணரி இருந்தது. பிரான்சைச் சேர்ந்த அலெக்சாந்தர் துபுஸ் 2010-இல் அந்த உணரியை ஆர்டுயினோ பலகையுடன் இணைத்து ‘மல்டிவீ’ மென்பொருளை எழுதினார். பெயரிலேயே அந்த விளையாட்டுக் கருவி இருக்கிறது. மல்டிவீயிலிருந்து பேஸ்ஃபிளைட், அதிலிருந்து கிளீன்ஃபிளைட், அதிலிருந்து பீட்டாஃபிளைட் எனத் திறந்த மூல மென்பொருள்கள் கிளைத்தன. இன்றைய பந்தய டிரோன்களில் பெரும்பாலானவை பீட்டாஃபிளைட்டில்தான் பறக்கின்றன.

2014-இல் பிரான்சின் ஆர்கோனே அருகே காட்டு மரங்களுக்கிடையே நடந்த ஓட்டத்தின் காணொளி உலகெங்கும் பரவியது. 2015-இல் கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோவில் நடந்த அமெரிக்கப் போட்டியில் ஆஸ்திரேலியரான சாட் நோவாக் வென்றார். 2016-இல் துபாய் போட்டியில் 15 வயது பிரிட்டன் சிறுவன் லூக் பானிஸ்டரின் அணி இரண்டரை லட்சம் டாலர் பரிசு பெற்றது.

நேர்த்தியின் காரணம்

தொடக்கக்கால டிரோன்கள் பார்க்க அலங்கோலமானவை. எதிரெதிர் மோட்டார்களுக்கிடையே 250 மில்லிமீட்டர் உள்ள கார்பன் நார்ச் சட்டத்தில், ஒவ்வொரு கையிலும் ஒரு வேகக்கட்டுப்பாட்டுக் கருவி, நடுவே மின்பகிர்வுப் பலகை, அதன்மேல் கட்டுப்பாட்டுப் பலகை, திரையில் எழுத்துக் காட்டத் தனிப் பலகை, காட்சி அனுப்பி எனக் கம்பிகள் சிக்கலாகக் கிடந்தன. பிறகு நான்கு வேகக்கட்டுப்பாட்டுக் கருவிகளும் ஒரே பலகையாயின. எழுத்துக் காட்டும் சில்லு கட்டுப்பாட்டுப் பலகைக்குள்ளேயே வந்தது. திருகுத்துளைகளுக்கிடையே 30.5 மில்லிமீட்டர் என்ற அளவு பொதுவானதால், எந்த நிறுவனத்தின் பலகையையும் மற்றொன்றின்மேல் அடுக்க முடிந்தது.

கம்பியைக் குறுக்கி ஒழுங்காகக் கட்டுவது அழகுக்காக மட்டும் என்று நினைப்பவர் உண்டு. அது பாதி உண்மைகூட இல்லை. ஐந்து அங்குல விசிறி கொண்ட டிரோன் முழு விசையில் 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கக்கூடும். மோட்டார்கள் நொடிக்கு நொடி வேகம் மாற்றும்போது மின்னழுத்தம் துள்ளுகிறது. அந்தத் துள்ளல் நீண்ட கம்பிகளில் பெருகிக் காட்சியில் கோடுகளாகத் தெரியும், சுழல் உணரியின் கணக்கையும் குழப்பும். பேட்டரி முனையிலேயே 35 வோல்ட் மின்தேக்கி ஒன்றைக் குட்டையான கால்களுடன் வைப்பது இதற்காகத்தான். தொங்கும் கம்பி விசிறியில் மாட்டினால் டிரோன் கல்லாக விழும். குளிர்ந்த சால்டர் இணைப்பு, அதாவது மங்கலாக உருண்டு நிற்கும் ஈயப்பொட்டு, நடுவானில் விட்டுப்போகும். அரைக் கிலோவுக்கு மேற்பட்ட பொருள் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஆள்மேல் மோதினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தமிழகத்தில்

தமிழகத்தில் டிரோன் கட்டும் அறிவு வேறு வழியில் வந்தது. குரோம்பேட்டையில் 1949-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் பேராசிரியர் கே. செந்தில்குமார் வழிநடத்திய ‘தக்ஷா’ மாணவர் அணி, 2012-இல் அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான டார்ப்பாவின் போட்டியில் இறுதிச் சுற்றுவரை சென்றது. 2018-இல் ஆஸ்திரேலியாவின் மருத்துவ டிரோன் போட்டியில் இரண்டாமிடம் பெற்றது. நடிகர் அஜித்குமார் அப்போது அணியின் ஆலோசகர். செய்தித்தாள்கள் அவரைப் பற்றியே அதிகம் எழுதின. தானே வழி அறிந்து நீண்டநேரம் பறப்பது தக்ஷாவின் இலக்கு. பந்தய டிரோனோ சில நிமிடங்களே பறக்கும், முழுக்கவும் மனிதக் கையை நம்பும்.

பந்தயக் கிளை இங்கே தாமதமானதற்குச் சட்டமும் ஒரு காரணம். விளையாட்டு வெளிநாட்டில் பிடித்துக்கொண்ட அதே ஆண்டில், 2014 அக்டோபரில், சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககம் பொதுமக்கள் டிரோன் பறக்கவிடுவதைத் தடைசெய்தது. 2018 டிசம்பர் 1 அன்றுதான் விதிமுறை நடைமுறைக்கு வந்தது. பலகைகள் அடுக்காக மாறிய காலம் முழுவதும் இங்கே ஆர்வலர்கள் சட்டத்தின் நிழலில் இருந்தனர். 2021 ஆகஸ்ட் 25-இன் டிரோன் விதிகள் நிலைமையைப் பெரிதும் எளிதாக்கின: 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ, வணிக நோக்கமின்றி மைக்ரோ ஓட்ட உரிமம் வேண்டாம். 2022 பிப்ரவரியில் முழு டிரோன்களின் இறக்குமதி தடைபட்டது, உதிரிபாகங்களுக்குத் தடை இல்லை. சொந்தமாகக் கட்டுபவருக்கு இது இழப்பே அல்ல.

குறிஞ்சிப்பாடி வட்டாரத்தில் கவனிக்கத்தக்கவை

கடலூர் மாவட்டத்தின் குறிஞ்சிப்பாடி வட்டத்தில்தான் நெய்வேலி நகரியமும் பழுப்பு நிலக்கரிச் சுரங்கமும் அனல்மின் நிலையங்களும் சிறு விமான நிலையமும் உள்ளன. எனவே காலி மைதானம் என்பதாலேயே பறக்கவிடலாம் என்று கொள்ளக் கூடாது. டிஜிட்டல் ஸ்கை தளத்தின் வரைபடத்தில் அந்த இடத்தின் நிறத்தை முதலில் பார்க்க வேண்டும். இங்குள்ள செம்மண் புழுதி மோட்டாரின் திறந்த காந்தக் கிண்ணத்துள் எளிதில் நுழையும். கடற்காற்றின் ஈரத்துக்குப் பலகைமேல் காப்புப் பூச்சு தேவை. பூசும்போது இணைப்பு முனைகளையும் பொத்தான்களையும் விட்டுவிட வேண்டும்.

காட்சி அலைவரிசையிலும் ஒரு சிக்கல் உண்டு. பந்தயங்களுக்கென வகுக்கப்பட்ட எட்டு அலைவரிசைகள் 5658 முதல் 5917 மெகாஹெர்ட்ஸ் வரை, 37 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்தவை. இந்தியாவில் 2018-இல் உரிமமின்றித் திறந்துவிடப்பட்ட பகுதி 5875 மெகாஹெர்ட்ஸில் முடிகிறது. ஏழாவதும் எட்டாவதும் அதற்கு வெளியே விழுகின்றன; காட்சி அனுப்பியின் அமைப்பில் அவ்விரண்டையும் பூட்டிவைப்பது நல்லது.